சுக்கு ஏறிய வாரம்

“எம்மா, ஏறிட்டு! சுக்கு ஏறிட்டு!” செல்போனைக் கையில் பிடித்தபடி தன்யா குதித்த குதியில் அடுக்களைத் தட்டுகள் எல்லாம் ஆடின.

கப்பைக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்த மாடத்தி கத்தியை அப்படியே போட்டாள். “நாந்தான் சொன்னேம்லா! எம் மவ கணக்கு தப்புமா?”

மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அதோடு விட்டாளா? நேரே வாசலுக்குப் போய், “வசந்தி! ஏ வசந்தி! எங்க தன்யா சொன்ன மாதிரியே சுக்கு ஏறிட்டு, கேட்டியா!” என்று குரல் கொடுத்தாள். கூப்பிட்டது பக்கத்து வீட்டு வசந்தியைத்தான். ஆனால் மட்டாஞ்சேரியின் அந்தச் சந்தில் இருந்த அத்தனை வீட்டுக்கும் கேட்டது.

மற்ற நாளென்றால், “மெதுவாப் பேசும்மா” என்று தன்யா அடக்கியிருப்பாள். இன்றைக்கு அவளுக்கே கால் தரையில் பாவவில்லை.

பின்னே? களமசேரியில் அவள் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த கம்பெனியில் வேலையே இதுதான். ஒரு சந்தையோ நிறுவனமோ எப்படி நடக்கிறது என்பதைக் கணக்காக மாற்றி, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சரக்கு ஒரு வட்டம், விலை ஒரு வட்டம், மழை ஒரு வட்டம், வெளிநாட்டு ஆர்டர் ஒரு வட்டம். எது கூடினால் எது குறையும் என்று நடுவே அம்புக்குறிகள். அதற்கு மாடல் என்று பெயர். மாடல் சொன்னது பலித்தால் வேலை நிரந்தரம். பலிக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

தன்யா எடுத்துக்கொண்டது தான் பிறந்து வளர்ந்த மட்டாஞ்சேரியின் சுக்குச் சந்தையை. போன திங்கட்கிழமை அவளுடைய மாடல் சொன்னது: இந்த வாரம் சுக்கு விலை ஏறும்.

கூடப் பயிற்சி பெறும் சிஜு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “புதுச் சுக்கு லோடு லோடா வந்து எறங்குது. குடோன்ல கால் வைக்க இடமில்ல. விலை எப்படி ஏறும்? உன் மாடலுக்கு என்ன, பிராந்து பிடிச்சிருச்சா?”

ஆபீசே சேர்ந்து சிரித்தது. அன்று சாயங்காலம் தன்யா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். “எல்லாரும் என்னப் பாத்துச் சிரிக்காவ எம்மா. சுக்கு ஏறாட்டி எனக்கு வேலை இல்ல.”

“சிரிக்கவன் சிரிக்கட்டும். நீ சோத்தத் தின்னு” என்றாள் மாடத்தி.

இன்றைக்குச் சனிக்கிழமை. சுக்கு ஏறியேவிட்டது. சிஜுவின் மூஞ்சியை இப்போது பார்க்க வேண்டுமே என்று தன்யா நினைத்துக்கொண்டிருந்தபோதே செல்போன் அடித்தது. மேலதிகாரி ஷைலஜா.

“கொள்ளாம் மோளே! நீ சொன்னபடியே ஏறிடுச்சு!” என்று பாராட்டினாள்.

“தேங்க்ஸ் மேடம். அப்போ... என் வேலை?”

“அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. அந்த வெளிநாட்டு ஆர்டரை நம்பித்தானே உன் மாடல் ஏறும்னு சொல்லிச்சு? அந்த ஆர்டர் கேன்சல் ஆயாச்சு. கோழிக்கோட்டுல சுக்கு இறங்கியிருக்கு. விசாரிச்ச எல்லா ஊர்லயும் இறங்கியிருக்கு. உங்க மட்டாஞ்சேரியில மட்டும் ஏறியிருக்கு!”

தன்யா லேப்டாப்பைத் தேடி எடுப்பதற்குள் ஷைலஜா தொடர்ந்தாள்.

“சரக்கைக் குடோன் நிறைய வெச்சுக்கிட்டு அங்க ஒருத்தரும் விக்க மாட்டேங்கறாங்களாம். ஏன்னு உன் மாடல்ல எந்த அம்புக்குறியும் சொல்லல. குருட்டு அதிர்ஷ்டத்துக்கு நான் வேலை குடுக்க முடியாது, பாத்துக்கோ. திங்கட்கிழமை காரணத்தோட வா. வந்தா வேலை உனக்கு.”

போன் வைக்கப்பட்டது. தன்யா லேப்டாப்பைத் திறந்து வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மழையில்லை, ஆர்டரில்லை, வரத்தும் குறையவில்லை. பிறகு எதற்காக விற்காமல் வைத்திருக்கிறார்கள்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

வாசலில் பெருமை பேசி முடித்த மாடத்தி, முகமெல்லாம் பல்லாக உள்ளே வந்தாள். சுக்குப் புடைக்கக் கூப்பிடுகிற குடோனுக்கெல்லாம் போகிறவள் அவள். அம்மாவைக் கேட்டால் தெரியுமே என்று அப்போதுதான் தன்யாவுக்கு உறைத்தது.

“எம்மா, குடோன்ல ஏன் ஒருத்தரும் சுக்க விக்க மாட்டேங்காவ? மொதலாளிமாரு ஏதாவது கேள்விப்பட்டாவளா?”

“கேள்விப்படாம இருப்பாவளா?” மாடத்தி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். “எம் மவளப் பாத்து நாலு பேரு சிரிச்சா, பெத்தவ நான் வாயப் பொத்திக்கிட்டா இருப்பேன்? ‘களமசேரில எம் மவ கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டா, சுக்கு ஏறப்போவுது’ன்னு மறுநா காலையிலயே போன எடமெல்லாம் சொல்லிட்டேன்லா! பாண்டித்துரை மொதலாளி, விக்க எடுத்த மூட்டையத் திரும்ப அடுக்கச் சொல்லிட்டாரு. அவரப் பாத்து மத்தவங்களும் குடோனப் பூட்டிட்டாவ.”

தன்யா லேப்டாப்பை மூடினாள். காரணம் கிடைத்துவிட்டது. அதை எந்த முகத்தோடு மேடத்திடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

“அது கெடக்கட்டும் ஏட்டி” என்று மாடத்தி மகளின் தோளைத் தட்டினாள். “அடுத்த வாரம் மிளகு ஏறுமா, எறங்குமா? மொதலாளிமாரெல்லாம் நம்ம வாசல்ல வந்து நிக்காவ!”