முடிவு ஜெபம்

"எல்லாருடைய ஆலோசனையும் வேணும்" என்று போதகர் தேவதாசன் கமிட்டிக் கூட்டத்தைத் தொடங்கினார். முப்பது வருடம் அரசாங்கக் கட்டடங்களைக் கட்டிய இன்ஜினியர் எப்சிபாய் அதை நம்பிவிட்டாள்.

"ஐயா, சண்டே ஸ்கூல் சுவர் விரிசல் விட்டிருக்கு. மேல மாடி கட்டினா பிள்ளைங்க தலையிலதான் விழும்."

மற்ற பதினோரு பேருக்கும் அந்த நேரம் பார்த்து மேசை அழகாகத் தெரிந்தது. போதகர் சிரித்துக்கொண்டே தீர்மானப் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார். மாடி கட்ட ஏகமனதாக முடிவானது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். கடைசி வரியில், எப்சிபாய் ஜெபம் செய்து கூட்டத்தை முடித்தாள் என்றும் இருந்தது.

"ஜெபிச்சு முடிங்கம்மா."

எல்லாரும் எழுந்து கண்களை மூடினார்கள். ஜெபிப்பவர் ஆமென் சொல்லும்வரை கண் திறப்பது அந்தச் சபையில் பாவம்.

"ஆண்டவரே, ஆலோசனை கேட்டாங்க, சொல்லிட்டேன். பிள்ளைங்களுக்கு என்ன பதில்னு இவங்க உம்மகிட்ட சொல்லட்டும்."

பிறகு அவள் உட்கார்ந்தாள். போதகரின் இமைகள் துடித்தன. யாரோ இருமினார்கள். எப்சிபாய் மூடிய கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி, ஆமென் சொல்லாமல் இருந்தாள்.