குரோட்டன்ஸ் தொட்டியில் கடலடிச் சேறு

ஆயுத பூஜைக்காகக் கழுவிய ஆறு கண்ணாடி ஜாடிகள், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, விலங்கியல் கூடத்து மேசையில் பளபளக்கின்றன. வில்லாபுரத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்த ஆராய்ச்சி மாணவி நாகலக்ஷ்மி வாசலிலேயே நின்றுவிடுகிறாள். நேற்றுவரை அவற்றில் இருந்தது நாலாயிரம் மீட்டர் ஆழத்துச் சேறு. பெண்பிள்ளையை ஆராய்ச்சிக் கப்பலில் ஏற்ற முடியாது என்று சொன்னவர்கள், அவள் இரண்டு வருஷம் கடிதம் எழுதிய பிறகு எண்பத்துமூன்றில் அனுப்பிவைத்த சேறு. மயிரிழைப் புழுக்களைத் தேடித் தேடி, இரண்டு ஜாடிதான் முடித்திருக்கிறாள்.

"ஒரே சகதிம்மா, மருந்து நெடியில அம்புட்டுக் கண்ணெரிச்சல். பூராத்தையும் குரோட்டன்ஸ் தொட்டியில கொட்டிட்டேன்," என்று அட்டெண்டர் அழகுமலை சிரித்த முகமாகப் பொரித் தட்டை நீட்டுகிறார்.

"யார் கொட்டச் சொன்னது?" அவள் போட்ட சத்தத்தில் தட்டு ஆடுகிறது.

"நான்தான்," என்கிறார் பேராசிரியர் பட்டாபிராமன். "மண்ணுதானேம்மா? நல்ல நாளும் அதுவுமா கத்தாதே. கேட்டா அவா இன்னும் அனுப்புவா."

வராந்தாவில், தொட்டி விளிம்பில் வழிந்த சேறு, சூரியனையே பார்த்திராத சேறு, மதுரை வெயிலில் வெளிறி வெடிக்கிறது. நாகலக்ஷ்மி விறுவிறுவென்று போய்ப் பூஜையில் இருந்த மைக்ராஸ்கோப்பைத் தூக்குகிறாள். சாமந்தி மாலை அறுந்து உதிர்கிறது.

"பூஜையில வச்சதை இன்னிக்குத் தொடப்படாது!" பட்டாபிராமன் பின்னாலேயே ஓடிவந்து அவளை மறித்து நிற்கிறார்.

அவள் லென்ஸில் அப்பியிருந்த சந்தனத்தை முந்தானையால் அழுத்தித் துடைக்கிறாள். தொட்டியடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, விரலால் சேற்றை வழித்து லென்ஸுக்கு அடியில் வைத்து, மைக்ராஸ்கோப்பின் அடிக்கண்ணாடியை வெயில் பக்கம் திருப்புகிறாள்.

"நகருங்க சார். வெளிச்சத்தை மறைக்கிறீங்க."