உச்சி வெயில் விதி

"அந்த ஒரு விதியை எடுத்துடுங்க மேடம். மிச்சத்துக்கு இப்பவே கையெழுத்துப் போடறேன்" என்றார் வெயில் நாட்டுப் பிரதிநிதி.

"எடுத்தா நான் போட மாட்டேன்" என்றார் எதிரில் இருந்த குளிர் நாட்டுப் பெரியவர்.

குழுத்தலைவி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். கட்டட ஒப்பந்தச் சட்டம் நாட்டுக்கு நாடு ஒரு மாதிரி. எல்லாவற்றையும் ஒன்றாக்கத்தான் இத்தனை வருட மாரடிப்பு. ஒரு நாடு முரண்டு பிடித்தாலும் மொத்தமும் குப்பைக்கூடைக்கு.

விதி சின்னதுதான். உச்சி வெயிலில் கட்டட வேலையை நிறுத்த வேண்டும். நின்ற நேரத்துக்கும் காண்ட்ராக்டர் கூலி கொடுக்க வேண்டும்.

"எங்க ஆளுங்களுக்கு வெயில் பழகினது மேடம். இப்படியெல்லாம் சட்டம் போட்டா எவன் எங்க நாட்டுல கட்ட வருவான்? இவர் ஊர்ல சூரியன் எட்டிக்கூடப் பார்க்காது. நிழல்ல உட்கார்ந்துக்கிட்டு அடுத்தவனுக்குக் குடை விலை பேசறார்!"

அறை சிரித்தது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தலைவிக்கும் எரிச்சல்தான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! கஷ்டப்படுகிற நாட்டின் தலையில் செலவைக் கட்டிவிட்டு நல்ல பேர் வாங்கப் பார்க்கிறார் மனுஷர்.

தேநீர் இடைவேளையில் அவரை ஜன்னலோரம் பிடித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க ஒருத்தர் வீம்பால எல்லாம் குட்டிச்சுவராப் போகுது. கொஞ்சம் விட்டுக்குடுங்களேன்."

"அதுமட்டும் முடியாதும்மா."

அவர் கையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. நின்று, மறுபடி அதிர்ந்தது.

"பேசுங்க சார். வீட்டுலேருந்தோ என்னவோ."

"வீட்டுல இவ்வளவு திட்ட மாட்டாங்க. எங்க ஊர் காண்ட்ராக்டர்கள் சங்கம். காலையிலேருந்து இதேதான். துரோகின்னுகூடச் சொல்லியாச்சு."

"அவங்களுக்கு என்ன வந்தது? உங்க ஊர்லதான் வெயிலே கிடையாதே?"

பெரியவர் போனை அணைத்தார்.

"அந்தத் தம்பி நாட்டுல நடக்கிற கட்டட வேலை முக்காவாசி எங்க கம்பெனிங்க எடுத்ததும்மா. சாரத்துல மயங்கி விழறவங்கதான் அவர் ஊர்க்காரங்க."