அடுப்பில்லாத வீடு

சமைக்காமல் சாப்பிடக் கற்றுத்தரும் லிவ்வுக்கு, எழுபதைத் தாண்டிய எஸ்கில்தான் பிடித்த மாணவர். மற்றவர்கள் வகுப்பு முடிந்த கையோடு தெருமுனையில் சாசேஜ் வாங்கித் தின்கிறவர்கள். எஸ்கில் மட்டும் பாதாம் ஊறவைப்பது, முளைகட்டுவது என்று சொன்னதையெல்லாம் செய்வார். "கத்தியே இல்லாம செய்யற மாதிரி ஏதாவது இருக்கா?" என்றுகூடக் கேட்பார்.

தன் வகுப்பின் விளம்பரத்துக்காக அவரைப் படமெடுக்க, பெர்கன் நகரத்து மழையில் நனைந்தபடி அவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தவள் அசந்துபோனாள். அடுப்பு இருந்த இடம் காலியாக இருந்தது.

"அடுப்பையே தூக்கிட்டீங்களா! எனக்கே அந்தத் துணிச்சல் வரலையே!"

"வேற வழி தெரியல" என்றார் எஸ்கில்.

மேஜையில் அவர் மனைவி தூர்டிஸ் ஊறவைத்த ஓட்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இவங்க முகத்துல என்ன ஒரு களை! இந்தச் சாப்பாட்ட மட்டும் விட்டுடாதீங்க எஸ்கில். இன்னும் இருபது வருஷம் ஜம்முனு இருப்பாங்க."

தூர்டிஸ் சட்டென்று லிவ்வின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, இந்தக் கிழவன் யாருன்னு நீயாவது கேளேன். என் அடுப்ப எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கான். என் எஸ்கில் வேலை முடிஞ்சு வர்ற நேரமாச்சு. அவருக்கு மீன் சூப் வைக்கணும்."

லிவ் திரும்பிப் பார்த்தாள். எஸ்கில் சட்டைக் கையை இழுத்து, முழங்கைவரை ஏறியிருந்த தீக்காயத் தழும்பை மூடிக்கொண்டிருந்தார்.

"இருபது வருஷமா?" என்று கேட்டார் அவர்.