உபயம் எழுதிய நாற்காலி

அந்த மருத்துவமனையின் நடைவழியில் ஒரு சக்கர நாற்காலி நின்றிருந்தது. அதன் முதுகில் ‘உபயம்: மாசிலாமணி குடும்பத்தார்’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. யாரும் தள்ளிக்கொண்டு போய்விடக் கூடாதென்று அதைச் சங்கிலி போட்டுத் தூணோடு பூட்டியிருந்தார்கள்.

ஒரு காலையில் பிரசவ வலியோடு ஒரு பெண் தனியாக வந்தாள். பிரசவ அறை நடைவழியின் மறுகோடியில் இருந்தது.

“பூட்டே, என்னை விடு. அவளால நடக்க முடியாது” என்றது நாற்காலி.

“நீ என்ன அவ வீட்டுச் சொத்தா? தானமா வந்த பொருள்” என்றது பூட்டு. “கொடுத்தவர் நாளைக்கு உன்னோட நின்னு படம் எடுத்துக்கணும். அதுவரைக்கும் பெயிண்ட் உரியக் கூடாது.”

“அப்போ வலியையும் நாளைக்கு வரச் சொல்லட்டுமா?”

“நின்ன இடத்துலயே நிக்கிறே. வாய் மட்டும் நல்லா உருளுது.”

“கட்டிப் போட்டுட்டுக் கேலி வேறயா? அவ மூச்சு விடுற காத்துலயும் உபயம்னு எழுதிடுங்க.”



அந்தப் பெண் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு சங்கிலியைப் பார்த்தாள். சுவரில் கையை ஊன்றி நடக்கத் தொடங்கினாள். பாதி வழியில் முடியாமல் தரையில் உட்கார்ந்தாள். அப்போது ஊழியர் ஒருவர் வந்து, நாற்காலியின் முதுகில் இருந்த பெயரின் மேல் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனார். நாற்காலி சங்கிலி விட்ட மட்டும் அவளை நோக்கி உருண்டு, நின்றது.

அவள் மறுபடி எழுந்தாள். கடைசிவரை அவளைத் தாங்கியது சுவர்தான். அதில் யாருடைய பெயரும் எழுதியிருக்கவில்லை.