மேற்படி

வந்தவர் நகலை என் மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினார். எட்டு வருடம் சட்டைப் பையிலேயே குடியிருந்திருக்கும் போல, மடிப்பெல்லாம் பிய்ந்திருந்தது.

அவருடைய பிறப்புப் பதிவின் நகல். தாயின் பெயர் ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே, தந்தை பெயர் என்ற கட்டத்தில் 'மேற்படி' என்று இருந்தது.

அடியில் இருந்த கையெழுத்து என்னுடையது.

"அம்மா பேருக்குக் கீழ மேற்படின்னு இருந்துச்சா, அப்பாவும் அவங்களேதான், வேற ஆள் கிடையாதுன்னு ஆபீஸ்ல நாசூக்கா எழுதியிருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டேன் மேடம்," என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை.

பேத்தியின் பள்ளிக்கூடத்தில் வம்சாவளி கேட்டிருக்கிறார்கள். தாத்தாவுக்கு அப்பா என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், வம்சாவளிச் சங்கத்தின் கதவைத் தட்டியிருக்கிறார். அங்கிருந்த செயலாளர் அம்மாள்தான் அடித்துச் சொல்லியிருக்கிறார்: பதிவேட்டில் பக்கவாட்டில் ஓடும் வரியை நகலில் மேலிருந்து கீழாக மாற்றி எழுதுவார்கள். மேற்படி என்றால் அம்மா இல்லை, பதிவேட்டின் மேல் வரியில் தந்தை என்று இருக்கும் ஆள். போய் மூலத்தைப் பாருங்கள்.

அந்த அம்மாள் சொன்னது சரி. இந்த அறையில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவளுக்கு அது தெரியாதா? எட்டு வருடத்துக்கு முன் இந்த நகலை எழுதிய அன்றைக்கும் மேல் வரியைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் 'மேற்படி' என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்போது என் வாயைக் கட்டிப்போட வீட்டில் என் அம்மா உருவில் ஒரு காரணம் கட்டிலில் படுத்திருந்தது. போன மாதம்தான் அது கண்ணை மூடியது.

பதிவேட்டை இறக்கிக்கொண்டு வந்தேன். எனக்கு அந்தப் பக்கத்தைத் தேடவே வேண்டாம். ஆனாலும் நாலைந்து பக்கம் புரட்டித் தேடுவதாகப் பாவனை செய்தேன். வெட்கமாக இருந்தது.

அவருடைய வரி. அதற்கு மேல், இரண்டு நாள் முந்திப் பிறந்த ஒரு பெண் குழந்தை. தாய் வேறு. தந்தையின் பெயர், தையல் தொழில், முகவரி எல்லாம் முழுசாக இருந்தன. பிறந்த சூட்டோடு பதிந்ததால் குழந்தையின் பெயர் இரண்டு வரியிலும் காலி. தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில், இரண்டு வரிக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து.

அவர் தகப்பன் பெயரை வாய்க்குள்ளேயே இரண்டு முறை படித்தார்.

"அப்போ, அவரே வந்தாரா?"

"அவரேதான் சார். ரெண்டு குழந்தைக்கும் நான்தான் அப்பான்னு ஒரே நாள்ல நின்னு சொல்லியிருக்கார்."

பெயரைக் கொடுக்கக்கூட மனசு வராத ஆள் என்று ஆயுசு முழுக்க நினைத்துக்கொண்டிருந்த மனிதர், அந்தக் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை. பதிவேட்டை வெளியாள் தொடக் கூடாது என்பது விதி. நான் தடுக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

விரல் மெல்ல மேல் வரிக்கு நகர்ந்தது.

"இந்தப் பொண்ணு இப்போ உயிரோட இருக்காங்களா மேடம்?"

"இருக்கேன், தம்பி," என்றேன்.