ரொம்ப நாள்

“‘இதோ வந்துட்டேன்’னு ஒருத்தர் போன்ல சொன்னா, அவர் வந்து சேர எவ்வளவு நேரமாகும்னு எடுத்துப்பீங்க சார்?”

“யார் சொல்றாங்கன்றதைப் பொறுத்ததும்மா. நான் சொன்னா, இன்னும் வீட்டை விட்டே கிளம்பலைன்னு அர்த்தம்.”

மறுமுனையில் அந்த அம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவருக்கு அந்த வாரம் வீண் போகவில்லை என்று அர்த்தம்.

ஏதோ ஒரு மொழி ஆய்வு மையத்தின் கணக்கெடுப்பு. நேரத்தையும் காலத்தையும் சொல்லும் வார்த்தைகளை ஜனங்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று கேட்டு எழுதுகிறார்களாம். வாராவாரம் வியாழக்கிழமை, மாலை நான்கு மணிக்கு அழைப்பு வரும். நாலைந்து வார்த்தைகள் கேட்பாள். அந்த நேரத்தில் யார் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனாலும் அவர் போகமாட்டார். பழுதுபார்க்க வந்த மூன்று ஃபிரிட்ஜுகள் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்க, நடுவில் ஸ்டூலைப் போட்டு, கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய சொந்த ஃபிரிட்ஜில் ஒரு பால் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும்தான் இருக்கும்.

“அடுத்தது, ‘இப்பத்தான்’.”

“‘இப்பத்தான் வாங்கினோம், அதுக்குள்ள ரிப்பேராயிடுச்சு’ம்பாங்க. பின்னாடி திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தா ஒன்பது வருஷம் ஆயிருக்கும். எழுதிக்குங்க, ஒன்பது வருஷம்.”

“எழுதிட்டேன் சார்.”

ஆரம்பத்தில் அவள் பேசும்போது, பின்னால் பத்துப் பேர் இதே கேள்விகளை யார் யாரிடமோ கேட்கும் இரைச்சல் காதில் விழும். இப்போதெல்லாம் ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடும் சத்தம் மட்டும்தான். ஒருமுறை குக்கர் விசில் அடித்தது. அவர் அதைப் பற்றி எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

“அப்புறம்… ‘கொஞ்ச நாள்’.”

இந்த வார்த்தையை மழைக்காலத்திலேயே அவள் கேட்டுவிட்டாள். “பத்து நாள் இருக்கும்” என்று அன்றைக்கு மழுப்பியிருந்தார். ஏற்கெனவே கேட்டதுதான் என்று இப்போது அவர் சொல்லவில்லை.

“‘கொஞ்ச நாள் தனியா இருந்துட்டு வரேன்’னு சொல்லிட்டு என் வீட்டுக்காரி கிளம்பினா. சின்னப் பை ஒண்ணுதான் எடுத்துட்டுப் போனா. பெரிய பெட்டி பரண்லயே இருந்துச்சு. அதை நம்பித்தான் நானும் சும்மா இருந்துட்டேன். ஆறு வருஷம், நாலு மாசம்.”

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“எழுதலையாம்மா?”

“எழுதறேன் சார். எங்க வீட்ல அதுக்கு வேற வார்த்தை. ‘செட்டில் ஆனதும்.’ ‘செட்டில் ஆனதும் உன்னைக் கூட்டிக்கறேம்மா’ன்னு சொல்லிட்டுப் போனான் பையன். அங்கேயே கல்யாணம் ஆச்சு. ரெண்டு குழந்தை ஆச்சு. சொந்தமா வீடும் வாங்கியாச்சு. இன்னும் செட்டில் ஆகலையாம் சார்.”

கடைசி வார்த்தைகளைச் சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் இது அவர் காத்திருக்கும் அந்தச் சிரிப்பு இல்லை. பக்கத்து ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து மூடினார்.

“அதையும் லிஸ்ட்ல சேர்த்துக்குங்கம்மா.”

“கேள்வி கேக்கறவங்க பதில் சொல்லக் கூடாது சார். அது விதி.”

“யாரு வந்து பார்க்கப் போறாங்க?”

அவள் ஒரு மாதிரிக் குரலில் ஆரம்பித்தாள்.

“சார், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு…”

அவர் ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார்.

“‘ரொம்ப நாள்’! பார்த்தீங்களா, அந்த வார்த்தையை இன்னும் நீங்க கேக்கவே இல்லை. முதல்ல அதைக் கேளுங்க.”

“இல்ல சார், அது வந்து…”

“கேளுங்கம்மா. எனக்குப் பதில் மறந்துடும்.”

“சரி. ‘ரொம்ப நாள்’னா எவ்வளவு சார்?”

“ஒரு வியாழக்கிழமையிலேருந்து அடுத்த வியாழக்கிழமை வரைக்கும்.”

பேனா ஓடும் சத்தம் வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

“இன்னும் எத்தனை வார்த்தை பாக்கி இருக்கும்மா?” என்று கேட்டார்.

“நிறைய இருக்கு சார்,” என்றாள் அவள் அவசரமாக. “முடியறதுக்கு இன்னும் எவ்வளவோ ஆகும்.”

“ஆகட்டுமே. ஒண்ணும் அவசரமில்லை, மெதுவாக் கேளுங்க. அடுத்த வாரம் நான் எங்கேயும் போகலை.”

போனை வைத்துவிட்டு, மேஜை இழுப்பறையைத் திறந்தார். மூன்று வாரங்களுக்கு முன் ஆய்வு மையத்திலிருந்து தபாலில் வந்த கடிதத்தை எடுத்து, கிழித்துப் போடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை படித்தார்:

‘கணக்கெடுப்பு நிறைவடைந்து, எங்கள் தொலைபேசிப் பிரிவு கலைக்கப்பட்டு நான்கு மாதங்கள் ஆகின்றன. எங்கள் பெயரைச் சொல்லி இனி யாராவது தங்களை அழைத்தால், அவரைப் பற்றி உடனே எங்களுக்குத் தெரிவிக்கவும்.’